வயர்லெஸ் வேறு, வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு: ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கும் முன்

போன ஐப்பசி மழையில் ஒரு வேப்பங்கிளை முறிந்து எங்கள் தெருவுக்கு வரும் இன்டர்நெட் கேபிளை அறுத்துவிட்டது. கரண்ட் இருந்தது. ரவுட்டரும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கேட்டைத் திறந்ததும் தானாக எரிய வேண்டிய வராந்தா விளக்கு எரியவில்லை. கேட்டில் ஒட்டியிருக்கும் சென்சாருக்கும் விளக்கின் சுவிட்சுக்கும் நடுவே பத்தடி தூரம்கூடக் கிடையாது. இருட்டில் செருப்பைத் துழாவிக்கொண்டே அம்மா, "முப்பது ரூவா சுவிட்ச் இருந்தப்ப ஒரு நாளும் இப்படி ஆனதில்ல" என்றார்.

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பொருளில் பழுது எதுவும் இல்லை. அது அப்படி வேலை செய்யும்படிதான் செய்யப்பட்டிருந்தது. வாங்கும்போது நான் அதைக் கவனிக்கவில்லை. "ஸ்மார்ட் ஹோம்னா நல்ல வைஃபை இருந்தா போதும்" என்று கடைக்காரரும் சொன்னார், நானும் தலையாட்டினேன். இந்த ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை குழப்பம் இருக்கிறது என்பது அப்புறம்தான் புரிந்தது.

மூன்று வெவ்வேறு விஷயங்கள்

கம்பி இல்லாமல் சேதி போனால் அது வயர்லெஸ். டிவி ரிமோட்டும் வயர்லெஸ்தான், அதில் வைஃபை எங்கே இருக்கிறது? வைஃபை என்பது வயர்லெஸ்ஸில் ஒரு வகை மட்டும். வீட்டுக்குள் இருக்கும் போன், லேப்டாப் எல்லாவற்றையும் ரவுட்டரோடு இணைக்கிற ரேடியோ அது. இன்டர்நெட் என்பது அந்த ரவுட்டரிலிருந்து தெருவுக்கு வெளியே கிளம்பிப் போகிற பாதை.

வீட்டில் வைஃபை பிரின்டர் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ரவுட்டரில் இன்டர்நெட் வரும் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டு லேப்டாப்பிலிருந்து பிரின்ட் கொடுங்கள். தாள் வரும். வைஃபை இருக்கிறது, இன்டர்நெட் இல்லை, வேலை நடக்கிறது. விளக்கும் அப்படி எரியலாம், எரிந்திருக்க வேண்டும். என் வீட்டில் ஏன் எரியவில்லை என்று பார்க்க, ஒரு கல்யாண வீட்டுக்குப் போகலாம்.

தாய்மாமன் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

மண்டப வாசலில் நிற்கும் பையன் ஓடி வந்து, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க" என்று சொல்கிறான். அவன் வேலை அவ்வளவுதான். மேளக்காரர் தயாராக இருக்கிறார், ஆனால் தானாக வாசிக்கமாட்டார். நடுவில் ஒரு தாய்மாமன் இருப்பார். பையன் சொன்னதைக் கேட்டு, "சரி, மேளத்தை ஆரம்பிங்க" என்று கை காட்டுபவர் அவர்.

இதில் பையன்தான் சென்சார்: கதவு திறந்தது, ஆள் நடந்தார், தண்ணீர் சிந்தியது என்று சேதி மட்டும் சொல்லும் கருவி. மேளக்காரர் சுவிட்ச்: சொன்னதைச் செய்யும் கை. தாய்மாமன் இருக்கும் இடம்தான் ஹப்: எல்லாச் சேதியையும் வாங்கி, "இது நடந்தால் அதைச் செய்" என்ற விதிகளை வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் பெட்டி.

நான் வாங்கிய மலிவு வைஃபை செட்டில் ஹப் கிடையாது என்று அட்டையிலேயே பெருமையாகப் போட்டிருந்தார்கள். ஹப் இல்லை என்றால் தாய்மாமனே இல்லை என்று அர்த்தமா? இல்லை. அவர் வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். கேட் சென்சார் சொன்ன சேதி ரவுட்டர் வழியாகக் கடல் தாண்டிக் கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கே முடிவாகி, திரும்பி வந்து பத்தடி தள்ளி இருக்கும் சுவிட்சைத் தட்டும். இப்படித் தொலைவில் இருக்கும் கம்பெனிக் கணினியில் வேலை நடப்பதைத்தான் கிளவுட் என்கிறார்கள். நல்ல நாளில் இதெல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும் என்பதால் வித்தியாசமே தெரியாது. வேப்பங்கிளை விழும் நாளில்தான் தெரியும்.

கிளை விழாவிட்டாலும் கம்பெனி விழலாம். அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற நிறுவனத்தின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பு இல்லாமல் ஊமையாகிவிட்டன. சுவரில் இருந்த சுவிட்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆப்தான் பிணமாகிவிட்டது. சில வாரம் கழித்து, அந்தப் பொருட்களைப் பயன்படுத்தியவர்களே சிலர் சேர்ந்து நிறுவனத்தை வாங்கி உயிர் கொடுத்தார்கள். எல்லா வாடிக்கையாளருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. ரிவால்வ் என்ற ஹப் வீட்டுக்குள் இருந்தாலும் கம்பெனியின் சர்வரை நம்பியே ஓடியது; கம்பெனி அதை மூடியதும், வாங்கியவர்களுக்கு 2016 மே மாதத்தோடு பெட்டி வெறும் பெட்டியானது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: சென்சார் சொல்லும், சுவிட்ச் செய்யும், ஹப் முடிவெடுக்கும். ஹப் வீட்டுக்குள் இருந்து, முடிவையும் அங்கேயே எடுத்தால், இன்டர்நெட் போனாலும் வீடு நடக்கும். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இன்டர்நெட் இல்லாம ஆட்டோமேஷன் ஓடுமா?" என்பது. ஆப்பில் ஆன் ஆஃப் ஆகுமா என்று கேட்டால் போதாது.

சத்தம் போட்டுக் கூப்பிடுவதும் சட்டி கைமாற்றுவதும்

வைஃபையில் ஒவ்வொரு கருவியும் நேராக ரவுட்டரோடுதான் பேசும். பெரிய வீட்டில் பின்கட்டிலிருந்து ஒருவர், மாடியிலிருந்து ஒருவர் என்று எல்லோரும் திண்ணையில் இருக்கும் ஒரே ஆளைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவது போல. ஆள் குறைவாக இருந்தால் பிரச்சினை இல்லை. இருபது முப்பது சுவிட்சுகள் ஏறியதும், இன்டர்நெட் கம்பெனிக்காரர் இலவசமாகக் கொடுத்த ரவுட்டர் திணற ஆரம்பிக்கும். அப்புறம், இந்தச் சுவிட்சுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில் ஓடும் வைஃபையில் மட்டும்தான் பேசும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்க, சுவிட்ச் இணையமாட்டேன் என்று அடம்பிடித்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இன்னொரு முறை இருக்கிறது. வீட்டுக்குத் தளம் போடும் நாளில் கான்கிரீட் சட்டி எப்படி மேலே போகும் என்று பார்த்திருப்பீர்கள். ஒரே ஆள் சுமந்துகொண்டு ஏறுவதில்லை. ஏணிப்படியில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அனுப்புவார்கள். ஜிக்பீ என்ற ரேடியோ இப்படித்தான் வேலை செய்கிறது. மாடி அறைச் சுவிட்சின் சேதி ஹப்புக்கு நேராக எட்டவில்லை என்றால் நடுவில் இருக்கும் ஹால் சுவிட்ச் வாங்கிக் கைமாற்றும். இந்த வலைக்கு மெஷ் என்று பெயர். ஜிக்பீ என்ற பெயரே தேனீயிலிருந்து வந்ததுதான். பூ இருக்கும் இடத்தைச் சொல்லத் தேனீ வளைந்து வளைந்து ஆடுமே, அது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: வரிசையில் நின்று சட்டி வாங்குவது கரண்டில் ஓடும் கருவிகள் மட்டும்தான். பேட்டரியில் ஓடும் சென்சார் யாருக்கும் சட்டி வாங்கிக் கொடுக்காது, தன் சட்டியைக் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடும். ஆகவே ஹப்பைக் கீழே வைத்துவிட்டு மொட்டை மாடியில் ஒரு சென்சாரை மட்டும் ஒட்டி, "ஜிக்பீ எட்டலைங்க" என்று சொல்வதில் நியாயம் இல்லை. நடுவில் ஒரு ஜிக்பீ சுவிட்சோ ப்ளக்கோ இருக்க வேண்டும். நம் ஊர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கம்பி கட்டிய தளமும் சிக்னலை நன்றாகவே உறிஞ்சும். பழைய வீடுகளில் சுவருக்குள் பதித்திருக்கும் இரும்புப் பெட்டி இன்னும் மோசம்.

தூங்குவதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, ஜிக்பீயின் பெரிய பலமே அதுதான். காசு வடிவ சிஆர்2032 பேட்டரியில் சுமார் 220 மில்லியாம்பியர் மணி சக்தி இருக்கும். வைஃபை ரேடியோ பேசும்போது நூறு மில்லியாம்பியருக்கு மேல் இழுக்கும். தொடர்ந்து பேசினால் இரண்டு மணி நேரத்தில் பேட்டரி காலி. ஜிக்பீ ரேடியோ குறைவாக இழுப்பதோடு, வேலை இல்லாத நேரத்தில் அனேகமாக ஒன்றுமே இழுக்காது. அதனால்தான் விரல் நீளமுள்ள கதவு சென்சார் ஒரே பேட்டரியில் ஒன்றிரண்டு வருஷம் தள்ளுகிறது.

இசட்-வேவ் என்று மூன்றாவது ஒன்று உண்டு. இதுவும் மெஷ்தான், ஆனால் நாட்டுக்கு நாடு அலைவரிசை மாறும். இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 908. நியூ ஜெர்சியிலிருந்து வரும் சித்தப்பா பெட்டியில் ஆசையாக எடுத்து வருகிற இசட்-வேவ் சுவிட்ச் இங்கே வாங்கிய ஹப்போடு பேசாது. அந்த அலைவரிசைக்கு இங்கே அனுமதியும் இல்லை. பேசினாலும் அது அவர்கள் ஊர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. அவரிடம் சாக்லேட் மட்டும் கேளுங்கள்.

மேட்டர் என்பது ரேடியோ இல்லை

பெயரைத் தமிழில் சொல்லும்போது கொஞ்சம் சங்கடம்தான், என்ன செய்ய. அட்டையில் மேட்டர் முத்திரையைப் பார்த்ததும் இது வைஃபை, ஜிக்பீ மாதிரி இன்னொரு ரேடியோ என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு மொழி.

போன் லைன் தெளிவாக இருக்கிறது, இந்தப் பக்கம் தெலுங்கு, அந்தப் பக்கம் மலையாளம். கேட்கிறது, புரியவில்லை. ஒரு கம்பெனி பல்பும் இன்னொரு கம்பெனி ஹப்பும் ஒரே ரேடியோவில் இருந்தும் பேசிக்கொள்ளாமல் இருந்தது இதனால்தான். அமேசான், ஆப்பிள், கூகுள் எல்லாம் சேர்ந்து 2019 கடைசியில் ஒரு பொதுமொழி வேலையைத் தொடங்கினார்கள். முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. அதுதான் மேட்டர். இந்த மொழி பேசும் கருவியை வீட்டுக்குள்ளேயே, சர்வர் தயவு இல்லாமல் இயக்கலாம். ஒரே சுவிட்ச் அண்ணனின் ஐபோனிலும் தங்கையின் ஆண்ட்ராய்டிலும் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

மொழிக்கு ஒரு லைன் வேண்டுமே. மேட்டர் வைஃபையிலும் போகும், த்ரெட் என்ற இன்னொரு மெஷ்ஷிலும் போகும். த்ரெட், ஜிக்பீயின் பங்காளி மாதிரி. அதே வகை ரேடியோ, அதே கைமாற்று வேலை, பேசும் முறைதான் வேறு. த்ரெட் கருவிகளை வீட்டு நெட்வொர்க்கோடு சேர்க்க பார்டர் ரவுட்டர் என்ற பாலம் வேண்டும். ஆப்பிளின் ஹோம்பாட் மினி ஸ்பீக்கர், கூகுளின் இரண்டாம் தலைமுறை நெஸ்ட் ஹப் போன்றவற்றுக்குள்ளேயே அந்தப் பாலம் இருக்கிறது. இது தெரியாமல் த்ரெட் சென்சாரை மட்டும் வாங்கிவந்து ஒரு சாயங்காலம் முழுக்க உருட்டிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். வேறு யாருமில்லை, நான்தான்.

சுருக்கமாக: வைஃபை, ஜிக்பீ, த்ரெட், இசட்-வேவ் நான்கும் லைன்கள். மேட்டர் ஒரு மொழி. "இது மேட்டர் சுவிட்ச்" என்று யாராவது சொன்னால், "எந்த லைன்ல?" என்று கேட்க வேண்டும்.

ஆப்பைப் பார்க்கும் முன் சுவரைப் பாருங்கள்

சுவிட்ச் விஷயத்தில் ரேடியோவைவிட முக்கியமானது சுவருக்குள் ஓடும் கம்பி. இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

சாதாரணச் சுவிட்சுக்கு ஃபேஸ் கம்பி மட்டும் போதும். ஒரு பக்கம் கரண்ட் வரும், சுவிட்சைப் போட்டால் மறுபக்கம் விளக்குக்குப் போகும். விளக்கிலிருந்து திரும்பும் கம்பிதான் நியூட்ரல். அது சுவிட்சைத் தொடாமல் வேறு வழியாகப் போய்விடலாம். ஸ்மார்ட் சுவிட்ச் அப்படியல்ல. விளக்கு அணைந்திருக்கும்போதும் அதற்குள் இருக்கும் ரேடியோ விழித்திருக்க வேண்டும். கேட்டைப் பூட்டிவிட்டோம் என்பதற்காக வாட்ச்மேன் சாப்பிடாமல் இருக்க முடியுமா? அந்தச் சாப்பாட்டுக்குத்தான் நியூட்ரல்.

எளிய அடையாளம் ஒன்று உண்டு. அந்த போர்டிலேயே ப்ளக் பாயின்ட் இருந்தால் அனேகமாக நியூட்ரல் அங்கே வந்திருக்கும், ஏனென்றால் ப்ளக்குக்கு இரண்டும் தேவை. மாட்டிக்கொள்வது ஒற்றைச் சுவிட்ச் போர்டுகளும் மாடிப்படியின் டூ-வே சுவிட்சும்தான். எங்கள் மாடிப்படி போர்டைக் கழற்றி டெஸ்டரை வைத்துப் பார்த்த எலெக்ட்ரீஷியன், "சார், இதுல ஃபேஸ்தான் சுத்திச் சுத்தி வருது. நியூட்ரல் இல்ல" என்று மறுபடி மூடிவிட்டார்.

நியூட்ரல் வேண்டாத ஸ்மார்ட் சுவிட்சுகளும் விற்கிறார்கள். அவை விளக்கு வழியாகவே மெல்லிய கரண்டைக் கசியவிட்டுச் சாப்பிட்டுக்கொள்ளும். பழைய குண்டு பல்பு அதைக் கண்டுகொள்ளாது. ஐந்து வாட் எல்இடி கண்டுகொள்ளும்: அணைத்த பிறகும் மங்கலாக மின்னிக்கொண்டிருக்கும். விளக்கோடு ஒரு சின்ன கெப்பாசிட்டரைச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும். இன்னொன்று, இவ்வகைச் சுவிட்சுகள் பெரும்பாலும் மெஷ்ஷில் சட்டி கைமாற்றுவதில்லை. தங்கள் சாப்பாட்டுக்கே தாளம். பக்கத்து போர்டிலிருந்து நியூட்ரலை இழுக்கலாமே என்று தோன்றும். அது வேறு சர்க்யூட்டாக இருந்தால் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி டிரிப் ஆகும், ஆபத்தும்கூட. நான் கடைசியில் விளக்கின் மேலேயே, நியூட்ரல் இருக்கும் இடத்தில், ஸ்மார்ட் சுவிட்சின் வேலையைச் செய்யும் ஒரு குட்டி மாட்யூலை வைத்துவிட்டு, படியின் இரு முனையிலும் பேட்டரி பட்டன் ஒட்டினேன். மெயினை அணைத்துவிட்டு, எலெக்ட்ரீஷியனை வைத்து.

அடுத்தது லோடு, அதாவது சுவிட்ச் தாங்க வேண்டிய கரண்ட். ஹீட்டர் கணக்கு நேரானது: 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 16 ஆம்பியர் சுவிட்ச் போதும். தண்ணீர் மோட்டார் அப்படிப்பட்டதல்ல. ஒரு ஹெச்பி மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான், ஆனால் கிளம்பும் அந்த நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஸ்மார்ட் சுவிட்சுக்குள் உண்மையில் தொட்டு விலகுவது ரிலே என்ற சின்ன மின்காந்தச் சுவிட்ச். அதன் முனைகள் அந்த அடியில் பொறி பறந்து ஒட்டிக்கொள்ளும். ஆப்பில் ஆஃப் என்று காட்டும், மாடியில் டேங்க் வழிந்துகொண்டிருக்கும். மோட்டாருக்கு நடுவில் கான்டாக்டர் என்ற, பெரிய கரண்டைத் தாங்கும் ரிலே ஒன்றை வையுங்கள். ஸ்மார்ட் சுவிட்ச் அதைத் தட்டட்டும், அது மோட்டாரைத் தட்டட்டும்.

ஃபேனுக்கு, விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைப் போடக் கூடாது, உறுமும். ஃபேன் வேகத்துக்கென்று செய்த மாட்யூல் தனியாக உண்டு. ரிமோட்டோடு வரும், பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் கொண்ட ஃபேனுக்கு அதுவும் வேண்டாம், வெறும் ஆன் ஆஃப் போதும்.

சித்திரை வெயிலில் குருடாகும் சென்சார்

கதவு சென்சார் எளிமையானது. ஒரு பக்கம் காந்தம், மறுபக்கம் காந்தம் கிட்டே வந்தால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய தகடுகள். கதவு திறந்தால் தகடு பிரியும், சேதி போகும். இதை நம்பலாம்.

நடமாட்ட சென்சார்தான் படுத்தும். பிஐஆர் எனப்படும் வகை, உடலிலிருந்து வரும் வெப்பக் கதிரைப் பார்க்கிறது. அதன் முன்னால் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் அறையைக் கோடு கோடாகப் பிரித்துக்கொள்ளும். சூடான ஒன்று ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குத் தாண்டினால் ஆள் என்று முடிவுசெய்யும். இதிலிருந்தே அதன் குறைகளைக் கணக்குப் போட்டுவிடலாம். நேராக அதை நோக்கி நடந்தால் தாமதமாகத்தான் தெரியும், குறுக்கே நடந்தால் உடனே தெரியும். ஆகவே வாசலுக்கு எதிரில் ஒட்டாமல் பக்கச் சுவரில் ஒட்டுங்கள். அசையாமல் உட்கார்ந்து படிப்பவர் அதற்கு இல்லாத ஆள். அப்புறம் சித்திரை வைகாசி. அறையே 36, 37 டிகிரி இருக்கும்போது உடலுக்கும் சுவருக்கும் வித்தியாசம் எங்கே? மார்கழியில் நன்றாக வேலை செய்த அதே சென்சார் மே மாத மதியத்தில் தூங்குவது பேட்டரிக் கோளாறால் அல்ல.

எம்எம்வேவ் என்ற ரேடார் வகை இதற்கு மாற்று. உட்கார்ந்திருப்பவரின் மூச்சு அசைவைக்கூடக் கண்டுபிடிக்கும். ஆனால் சுற்றும் சீலிங் ஃபேனையும் ஆடும் திரைச்சீலையையும் ஆள் என்று நினைத்துக்கொள்ளும், நம் ஊரில் ஃபேன் சுற்றாத அறை ஏது? ஃபேன் இருக்கும் திசையைத் தவிர்த்து வைத்து, உணர்திறனைக் குறைத்து, சில நாள் மெனக்கெட வேண்டும். சாப்பாடும் அதிகம், பெரும்பாலும் சார்ஜர் வயர் வேண்டும்.

எந்த ஹப், எங்கே வைப்பது

சில ஸ்மார்ட் ஸ்பீக்கருக்குள்ளேயே ஜிக்பீ ஹப் இருக்கிறது. அமேசானின் நான்காம் தலைமுறை எக்கோ அப்படி. எல்லா எக்கோவிலும் இருக்காது, குட்டி டாட்டில் தேடாதீர்கள். சுவிட்ச் கம்பெனிகளே விற்கும் கையடக்க ஹப் இன்னொரு வழி, அந்தக் கம்பெனிப் பொருட்களோடு நன்றாகப் போகும். கொஞ்சம் கையை அழுக்காக்கிக்கொள்ளத் தயார் என்றால் ஹோம் அசிஸ்டன்ட். 2013இல் தொடங்கிய இலவச, திறந்த மென்பொருள். ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினியில் ஜிக்பீ ரேடியோ உள்ள ஒரு யூஎஸ்பி ஸ்டிக்கைச் செருகினால் பல கம்பெனிக் கருவிகளும் ஒரே தாய்மாமனுக்குக் கீழே வந்துவிடும். ஸ்டிக்கை ஒரு முழ யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள், நீல நிற யூஎஸ்பி துளையின் இரைச்சல் அதன் காதை அடைக்கும். நான் இப்போது இதில்தான் இருக்கிறேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்னும் வேலை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எந்த ஹப்பாக இருந்தாலும் அதையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். சுவிட்சுகளில் "கரண்ட் வந்ததும் என்ன செய்ய?" என்ற அமைப்பைத் தேடி "ஆஃப்" அல்லது "பழைய நிலை" என்று மாற்றுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் வீடு முழுக்கத் திருவிழா மாதிரி எரிவது ஒரு தடவை போதும். இதே காரணத்துக்காக ஸ்மார்ட் பல்பைவிட ஸ்மார்ட் சுவிட்சையே நான் சொல்வேன். பல்பு வைத்தால், வீட்டுக்கு வந்த விருந்தாளி சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்த கணத்தில் பல்பும் போச்சு, அது கைமாற்றிக்கொண்டிருந்த சட்டியும் போச்சு.

மொத்தமாக வாங்காதீர்கள். ஒரு ஹப், நியூட்ரல் இருக்கும் போர்டில் ஒரு சுவிட்ச், ஒரு கதவு சென்சார், இது போதும் முதல் மாதத்துக்கு. மாட்டியதும் இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறந்து பாருங்கள். விளக்கு எரிந்தால் அதே வகையில் மேலும் வாங்கலாம். வாடகை வீடு என்றால் போர்டையே மாற்றும் கண்ணாடி டச் பேனல் வேண்டாம், இருக்கும் சுவிட்சுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் மாட்யூலை வாங்குங்கள். எதைக் கழற்றினாலும் பழைய சுவிட்சுகளை ஒரு கவரில் போட்டு, எந்த அறையுடையது என்று எழுதி வையுங்கள். காலி செய்யும் நாளில் ஓனர் அதைத்தான் முதலில் கேட்பார்.